நூற்பாலை ஸ்டோர்ஸில் ஓராண்டு: இருப்பு வகைப்பாட்டுச் சேவை ஒன்றின் மதிப்பீடு

உடுமலைப்பேட்டைப் பக்கம் 25,000 கதிர்கள் ஓடும் நூற்பாலை ஒன்றில் ஸ்டோர்ஸையும் கொள்முதலையும் கவனித்து வருகிறேன். எங்கள் அலமாரிகளில் ஏறத்தாழ 4,000 வகை உதிரிபாகங்கள் இருக்கின்றன. கைப்பிடியில் நூற்றுக்கணக்கில் அள்ளக்கூடிய டிராவலர் (நூலை வழிநடத்தும் சிறு வளையம்) முதல், கடல் கடந்து வந்து அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் காத்திருக்கும், நூலைக் கோனாகச் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரத்தின் மின்னணு கார்டு வரை எல்லாம் அதில் அடக்கம். சென்ற ஆண்டு கோவையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம், இந்த இருப்பு முழுவதையும் வகைப்படுத்தி, எதை எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தரும் சேவையை ஓராண்டுச் சந்தாவில் வாங்கினோம். சந்தாக் காலம் முடிந்துவிட்டது. இதே வகைச் சேவையைப் பல நிறுவனங்கள் விற்கின்றன என்பதாலும், நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் அவற்றுள் எதை வாங்குவோருக்கும் பயன்படும் என்பதாலும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

இந்தச் சேவையை நாங்கள் நாடியதற்கு ஓர் இரவுதான் காரணம். கம்ப்ரஸரின் இன்டேக் வால்வுக்குரிய ரப்பர் கிட் கிழிந்து கம்ப்ரஸர் நின்றது. ஸ்டோர்ஸில் அந்தக் கிட் இல்லை. ஆட்டோகோனரில் அறுந்த நூலை இணைக்கும் ஸ்பிளைசர் அழுத்தக் காற்றில்தான் இயங்கும். காற்று இல்லையென்றால் கோன் இறங்காது. கோன் இறங்காவிட்டால், நூல் நூற்கும் ரிங் பிரேமிலிருந்து இறக்கிய நூல் சுற்றிய காப்புகள் தள்ளுவண்டிகளில் குவியும். ஒரு கட்டத்தில் ரிங் பிரேமையும் நிறுத்தத்தான் வேண்டும். மாற்றுக் கம்ப்ரஸரால் முழுச் சுமையைத் தாங்க முடியவில்லை. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள பொருளுக்காக இரண்டு ஷிப்ட் உற்பத்தி குலைந்தது. அதே நேரத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பே விற்றுவிட்ட பழைய ரிங் பிரேம்களின் கியர்கள், கிரீஸ் பூசிய காகிதத்தில் சுற்றியபடி ஓர் அலமாரி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தன. பணம் இருக்க வேண்டாத இடத்தில் முடங்கியிருந்தது. இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இருபது ஆண்டுக்கு மேல் இந்தப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் அந்த இரவு எனக்குப் பெரும் வருத்தத்தைத் தந்தது.

சேவையின் முதல் கட்டம் பொருள் பட்டியலைத் தூய்மைப்படுத்துவது. விளம்பரத்தில் ஒரு வரியாக மட்டுமே இடம்பெற்றிருந்த இந்த வேலைதான், என் கணிப்பில், கொடுத்த பணத்தில் பாதிக்குமேல் மதிப்புள்ளது. ஒரே 6204 பேரிங் எங்கள் பதிவேட்டில் ஐந்து பெயர்களில் இருந்தது. ஓரிடத்தில் எண்ணால், ஓரிடத்தில் தயாரிப்பாளர் பெயரால், ஓரிடத்தில் அது பொருத்தப்படும் இயந்திரத்தின் பெயரால், இன்னோரிடத்தில் அதைக் கேட்டு வாங்கிய பிட்டர் (இயந்திரப் பழுதுபார்ப்பவர்) எந்தப் பெயரில் சொன்னாரோ அந்தப் பெயரால். ஐந்துக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச இருப்பு. ஒன்று தீர்ந்தால் மற்ற நான்கும் அலமாரியில் இருக்கும்போதே புதிய ஆர்டர் போகும். இத்தகைய இரட்டிப்புகளைத் தேடிப் பிடிக்க அவர்கள் இருவரை ஸ்டோர்ஸுக்கே அனுப்பி, மூன்று வாரம் அலமாரி அலமாரியாகப் பார்க்கவைத்தார்கள். அந்த இளைஞர்களின் உழைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இங்கேயும் ஒரு எச்சரிக்கை தேவை. இரண்டு பக்கமும் தகட்டு மூடி உள்ள பேரிங்கை ஒரு தயாரிப்பாளர் இசட்-இசட் என்றும் இன்னொருவர் டூ-இசட் என்றும் குறிப்பார்கள். அவை இரண்டும் ஒன்றே, சேர்க்கலாம். டூ-ஆர்.எஸ். என்று குறிக்கப்படுவது ரப்பர் மூடி உள்ளது. அளவு அதேதான், 20 மில்லிமீட்டர் உள்விட்டமும் 47 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 14 மில்லிமீட்டர் அகலமும். ஆனால் பஞ்சுத் தூசி பறக்கும் கார்டிங் பகுதியில் தகட்டு மூடியின் இடைவெளி வழியாகத் தூசி உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும் என்பதால், சில இடங்களில் ரப்பர் மூடியைத்தான் போடுவோம். முதல் வரைவில் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். எங்கள் பராமரிப்பு மேஸ்திரி பட்டியலைப் பார்த்திருக்காவிட்டால் அது அப்படியே போயிருக்கும். சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பெயரையும் இயந்திரத்தைக் கையால் தொடுகிற ஒருவர் பார்த்துக் கையெழுத்திடாமல் ஏற்காதீர்கள்.

இரண்டாம் கட்டம் ஏ, பி, சி வகைப்பாடு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி 1951இல் எழுதி அறிமுகப்படுத்திய முறை இது. ஒவ்வொரு பொருளின் ஆண்டு நுகர்வை அதன் விலையால் பெருக்கி, வரும் தொகையை இறங்குவரிசையில் அடுக்கினால், மேலே உள்ள சில பொருள்களே செலவின் பெரும்பகுதியை விழுங்கியிருப்பது தெரியும், அவை ஏ. அடியில் கிடக்கும் பெருங்கூட்டம் சி. இடைப்பட்டவை பி. எங்கள் ஸ்டோர்ஸிலும் அந்த வடிவமே வந்தது. காட்ஸ் (நாரைப் பிடிக்கும் உருளைகளின் ரப்பர் உறை), ஏப்ரான், கார்டிங் இயந்திரத்தின் உடைக் கம்பி, டிராவலர், ஸ்பிண்டில் டேப், சில இறக்குமதிப் பாகங்கள் என்று ஒரு பக்கத்தில் அடங்கும் பெயர்கள்தாம் செலவைத் தீர்மானிக்கின்றன. இது எனக்குப் புதிய செய்தி அன்று. ஆனாலும் அதை ரூபாயோடு ஒரே தாளில் பார்த்தபோது நிர்வாகத்துடன் பேசுவது எளிதாயிற்று.

ஏ வகைப் பொருள்களுக்கு அவர்கள் தந்த ஆலோசனை நன்றாகவே பலித்தது. காட்ஸை நாங்கள் ஆறு மாதத் தேவைக்கு ஒரேயடியாக வாங்கி வைத்திருந்தோம், மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும் என்பதற்காக. ரப்பர் நாள்பட நாள்பட இறுகும். இறுகிய காட்ஸ் நாரைச் சரியாகப் பிடிக்காது, நூலின் சீர்மை கெடும். தள்ளுபடியில் கிடைத்ததை இருப்பு வைக்கும் செலவும் தரக்குறைவும் சேர்ந்து தின்றுகொண்டிருந்ததை அவர்கள் கணக்கு காட்டியது. இப்போது ஆண்டு ஒப்பந்த விலையில் மாதந்தோறும் வரவழைக்கிறோம். வங்கி வட்டி, இடம், காப்பீடு, துரு, பழமையாதல் எல்லாம் சேர்த்து, ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்க அதன் விலையில் 20 சதவீதம் ஆகும் என்று எங்கள் கணக்குப் பிரிவு ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த மாற்றத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஒரு எண்ணை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்ததற்கு இச்சேவைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சேவையின் பெரிய குறை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. வகைப்படுத்தியதோடு நில்லாமல், ஒவ்வொரு வகைக்கும் ஒரு சேவை நிலையை மென்பொருள் தானாகவே ஒட்டிவிடுகிறது: ஏ வகைக்கு 98 சதவீதம், பி வகைக்கு 95, சி வகைக்கு 90. சேவை நிலை என்பது கேட்கும்போது பொருள் கையில் இருப்பதற்கான உறுதியின் அளவு. செலவு அதிகமாகும் பொருளே முக்கியமான பொருள் என்ற எண்ணம் இதற்கு அடியில் ஒளிந்திருக்கிறது. எங்களை அந்த இரவில் நிறுத்திய இன்டேக் வால்வு கிட், ஆண்டுக்கு நான்கே போகும் என்பதால், சி வகையில் விழுந்து 90 சதவீதம் பெற்றது. அதாவது, எந்தச் சம்பவத்துக்காகச் சேவையை வாங்கினோமோ அது மீண்டும் நடக்க வழி திறந்துவைக்கும் பரிந்துரையை அவர்களின் முதல் அறிக்கையே தந்தது.

இதைக் கூட்டத்தில் எடுத்துச்சொன்னபோது, எங்கள் மேஸ்திரி ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "விலையைப் பார்த்து அடுக்காதீங்க சார், நின்னா என்னென்ன நிக்கும்னு பார்த்து அடுக்குங்க." பொருள் மேலாண்மையில் பழகிய வி.இ.டி. (வைட்டல், எசென்ஷியல், டிசையரபிள்) பிரிப்பு சொல்வதும் இதுதான்: இல்லாவிட்டால் உற்பத்தியே நிற்கும் உயிர்ப்பொருள், இல்லாவிட்டால் திறன் குறையும் தேவையான பொருள், இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய விரும்பத்தக்க பொருள். மருத்துவமனை மருந்தகங்களில் இப்பிரிப்பைப் பணக் கணக்கோடு சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். அட்ரினலின் ஊசி மருந்து விலையில் சிறியது என்பதற்காக யாரும் அதைத் தீரவிடுவதில்லை. எங்கள் சேவையில் வி.இ.டி. பிரிப்பு கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டிய பகுதியாக இருந்தது. அடிப்படைத் தொகுப்பிலேயே அது இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கருத்துக்கு வலுவான கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2010இல் ரூட் டியுன்டர், ஸியெட் பாபாய், அரிஸ் சிண்டெட்டோஸ் ஆகியோர், வகைப்பாட்டையும் சேவை நிலையையும் இருப்புச் செலவையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பொருள்களை ஆண்டுச் செலவால் அடுக்காமல், தட்டுப்பாட்டுச் செலவையும் தேவையையும் பெருக்கி, அதை இருப்புச் செலவும் ஆர்டர் அளவும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்து வரும் எண்ணால் அடுக்க வேண்டும் என்பது அவர்களின் முன்மொழிவு. இதன் உட்பொருளை இரண்டு பொருள்களை வைத்துச் சொல்கிறேன். விலைகள் கணக்குக்காக முழு எண்களாக எடுத்துக்கொண்டவை.

முதலாவது, நாங்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் ஒரு டிராவலர் எண் (அளவு). ஆயிரம் டிராவலர் கொண்ட பெட்டி ரூ.1,000. ஆண்டுக்கு 300 பெட்டி, ஆர்டருக்கு 25 பெட்டி. ஒரு பெட்டியை ஓராண்டு வைத்திருக்க ரூ.200. ஒரு பெட்டி குறைந்தால் பெரிய கேடு இல்லை. பக்கத்து எண்ணைப் போட்டு ஓட்டலாம், நூல் அறுபடுவது கொஞ்சம் கூடும். அந்த இழப்பை ரூ.250 என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் சுழற்சியில் தட்டுப்பாடு ஏற்பட அனுமதிக்கக்கூடிய அளவு, 200ஐ 25ஆல் பெருக்கி, 250க்கும் 300க்குமான பெருக்கத்தால் வகுத்தால் வருவது: 5,000க்குக் கீழ் 75,000, அதாவது ஏறத்தாழ 6.7 சதவீதம். எனவே தேவையான சேவை நிலை 93 சதவீதம் போதும். இப்பொருளின் ஆண்டுச் செலவு 3 லட்சம் ரூபாய் என்பதால் மென்பொருள் இதை ஏ வகையில் வைத்து 98 சதவீதம் கேட்கிறது.

இரண்டாவது, அந்த இன்டேக் வால்வு கிட். விலை ரூ.3,000, ஆண்டுக்கு 4, ஆர்டருக்கு 2, ஒன்றை ஓராண்டு வைத்திருக்க ரூ.600; இல்லாமல் போனால் இழப்பு குறைத்து மதிப்பிட்டாலும் ரூ.60,000. இங்கே 1,200ஐ 2,40,000ஆல் வகுத்தால் அரை சதவீதம். ஆக 99.5 சதவீதம் வேண்டும். ஆண்டுச் செலவு ரூ.12,000 மட்டுமே என்பதால் மென்பொருள் இதற்கு 90 சதவீதம் போதும் என்கிறது. ஒரே வரிசை தலைகீழாகிவிடுவதைக் கவனியுங்கள். ஆண்டுச் செலவு குறைந்த பொருளை உறுதியாக வைத்திருப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆண்டுச் செலவு கூடிய பொருளில் ஒவ்வொரு கூடுதல் சதவீதமும் பணத்தை இழுக்கும். அப்படியிருக்க, செலவு குறைந்ததில் சிக்கனம் பார்த்து செலவு கூடியதில் தாராளம் காட்டும், மென்பொருளில் தானாக வரும் இந்த அமைப்பை எந்தப் பொறுப்புள்ள விற்பனையாளரும் திருத்தாமல் கொடுக்கக் கூடாது.

அந்தக் கூடுதல் சதவீதம் எப்படிப் பணத்தை இழுக்கும் என்பதை அவர்களின் பயிற்சியில் விளக்கிய விதம் நன்றாக இருந்தது. எதிர்பாராத தேவைக்காகக் கூடுதலாக வைக்கும் பாதுகாப்பு இருப்பு, தேவையின் ஏற்ற இறக்கத்தை ஒரு காரணியால் பெருக்கிக் கிடைக்கிறது. சேவை நிலை 90 சதவீதம் என்றால் காரணி 1.28; 95 என்றால் 1.65, 99 என்றால் 2.33; 99.9 என்றால் 3.09. அதாவது 95இலிருந்து 99க்குப் போக, பாதுகாப்பு இருப்பை நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூட்ட வேண்டும். அங்கிருந்து முக்கால் சொச்சம் புள்ளி மேலே போய் 99.9ஐத் தொட, மீண்டும் மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். எங்கள் பொது மேலாளர் "எல்லாவற்றுக்கும் நூறு சதவீதம் வையுங்கள்" என்று சொல்வதை நிறுத்தியது இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான்.

ஆனால் 95 சதவீதம் என்று அறிக்கையில் அச்சிடும்போது எந்தப் பொருளில் அச்சிடுகிறார்கள் என்பதை முதல் நான்கு மாதம் அவர்களால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ஆர்டர் சுழற்சிகளில் 95 சதவீதம் தட்டுப்பாடின்றி முடியும் என்பது ஒரு பொருள். கேட்ட நூறு பாகங்களில் 95ஐ உடனே கொடுக்க முடியும் என்பது வேறொரு பொருள். முதல் பொருளில் எடுத்துக்கொண்டால், மாதந்தோறும் ஆர்டர் போடும் பொருள் சராசரியாக 20 மாதத்துக்கு ஒருமுறை தட்டுப்படும். ஆண்டுக்கு ஒருமுறை ஆர்டர் போடும் பொருள் 20 ஆண்டுக்கு ஒருமுறைதான் தட்டுப்படும். அச்சில் இரண்டும் ஒரே 95. இதை அறியாமல் இரண்டு பொருளின் எண்களை ஒப்பிட்டு முடிவெடுப்பது பெரும் தவறு. விடாமல் கேட்ட பிறகு அறிக்கையில் இரண்டையும் தனித்தனி நிரலாகக் காட்ட ஆரம்பித்தார்கள். இப்போது வரும் அறிக்கையில் அந்தக் குழப்பம் இல்லை.

அடுத்த குறை லீட் டைம் பற்றியது. ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து சரக்கு கதவுக்கு வரும் வரையான காலத்தை மென்பொருள் ஒரே எண்ணாக எடுத்துக்கொள்கிறது: நான்கு வாரம் என்றால் நான்கு வாரம். கோவையில் வாங்கும் பெல்ட்டுக்கும் மின் கான்டாக்டருக்கும் அது பொருந்தும். காலையில் சொன்னால் மாலை பேருந்தில் வந்துவிடும். துறைமுகம், சுங்கம், ஏஜென்ட் என்று பல கைகள் கடந்து வரும் பொருளுக்கு அது பொருந்தாது. வாரத் தேவை சராசரியாக 10, அதன் விலக்கம் (சராசரியிலிருந்து கூடிக்குறையும் அளவு) 3, லீட் டைம் 4 வாரம் என்று இருந்தால், லீட் டைம் மாறாது என்ற எடுகோளில் மொத்த விலக்கம் 6 வரும். 95 சதவீதத்துக்குப் பாதுகாப்பு இருப்பு 10 போதும். லீட் டைம் தானும் ஒரு வாரம் முன்பின்னாகும் என்று சேர்த்தால் விலக்கம் கிட்டத்தட்ட 11.7 ஆகிவிடும், பாதுகாப்பு இருப்பு 19 வேண்டும். ஏறக்குறைய இரட்டிப்பு. எங்கள் கொள்முதல் பதிவேட்டில் ஒவ்வொரு ஆர்டரின் தேதியும் வரவுத் தேதியும் ஏற்கெனவே இருந்தன. அவற்றை அவர்கள் கேட்கவே இல்லை. நானாக மூன்று ஆண்டு விவரத்தை எடுத்துக் கொடுத்து, இறக்குமதிப் பொருள்கள் 140க்கும் கையால் கணக்குப் போட்டுத் திருத்தினேன். சந்தா கட்டிய வாடிக்கையாளர் செய்ய வேண்டிய வேலை அன்று இது.

மூன்றாவது குறைதான் நூற்பாலை போன்ற இடத்துக்கு மிக ஆபத்தானது. நுகர்வே அரிதாக உள்ள பொருள்களை மென்பொருளால் கையாள முடியவில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டுமே தேவைப்படும் ஓர் இன்வெர்ட்டர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். வந்து சேர இரண்டு மாதம். இரண்டு மாதத்துக்கான சராசரித் தேவை பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.08. மென்பொருள் அதை முழு எண்ணாக்கி மறு ஆர்டர் நிலை (கையிருப்பு எந்த எண்ணுக்கு இறங்கினால் அடுத்த ஆர்டர் போக வேண்டுமோ அது) பூஜ்யம் என்று எழுதியது. அதற்குமேல், "நகராத பொருள், விற்றுவிடலாம்" என்ற சிவப்புக் குறியையும் இட்டது. அரிதான நிகழ்வுகளுக்குரிய பாய்சான் பரவலை வைத்துப் பார்த்தால், கையிருப்பு இல்லாமல் தேவைப்படும்போது வாங்குவது என்று இருந்தால் ஒவ்வொரு பழுதுக்கும் இயந்திரம் இரண்டு மாதம் நிற்கும். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, அதை எடுத்ததும் அடுத்ததற்கு ஆர்டர் கொடுத்தால், அது வந்து சேர்வதற்குள் இரண்டாவது தேவை எழாதிருக்கும் வாய்ப்பு 92 சதவீதம். இரண்டு வைத்தால் அது 99.7 சதவீதத்தைத் தொடும். ஒன்றா இரண்டா என்பது கார்டின் விலையையும் அந்த இயந்திரம் நிற்கும் நாளொன்றின் இழப்பையும் பொறுத்தது. கையிருப்பு பூஜ்யம் என்பது எந்தக் கணக்கிலும் வராது. நல்லவேளையாக, சிவப்புக் குறியிட்ட பட்டியலை ஏலத்துக்கு அனுப்புவதற்கு முன் நாங்கள் வரிவரியாகப் பார்த்தோம். அந்தப் பட்டியலில் இருந்த 600 சொச்சம் பொருள்களில் 70 பொருள்களை மீட்டு எடுத்தோம். மற்றவை உண்மையிலேயே செத்த சரக்கு. அந்தப் பழைய கியர்களும் அவற்றுள் அடங்கும்.

ஓராண்டு முடிவில் எங்கள் இருப்பின் மதிப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. "இருப்பு இல்லை" என்று திரும்பிப்போகும் இண்டென்ட்டுகளும் (பொருள் கேட்டு வரும் சீட்டுகள்) கண்கூடாகக் குறைந்துள்ளன. ஆனால் இந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் சேவையின் கணக்கில் வைப்பது சரியாகாது. பாதிக்கு மேல் செத்த சரக்கை விற்றதால் வந்தது. அடுத்த பெரும்பகுதி, ஏ வகைப் பொருள்களைச் சிறிய அளவில் அடிக்கடி வாங்கியதால் வந்தது. பெயர் இரட்டிப்பை நீக்கியது மூன்றாவது. மென்பொருளின் சேவை நிலைச் சூத்திரத்தால் வந்தது மிகச் சிறிது. அதுவும் நாங்கள் திருத்திய பிறகு வந்தது. தட்டுப்பாடு குறைந்ததற்கு முழுக் காரணம், எங்கள் மேஸ்திரியும் மின் பிரிவு பொறுப்பாளரும் இரண்டு மாதம் மாலை மாலையாக உட்கார்ந்து 4,000 பொருள்களுக்கும் உயிர்ப்பொருளா இல்லையா என்று குறியிட்டது. எல்லாப் பிட்டரும் தம் இயந்திரத்தின் பாகம் எல்லாமே உயிர்ப்பொருள்தான் என்று வாதிட்டார்கள். "இது இல்லாவிட்டால் எத்தனை கதிர் நிற்கும், எத்தனை மணி நேரம் நிற்கும்" என்ற ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்டோம். நான்கு கதிரை ஓட்டும் ஒரு ஸ்பிண்டில் டேப் அறுந்தால் நான்கு கதிர்தான் நிற்கும். கம்ப்ரஸர் நின்றால் எல்லாமே நிற்கும். கேள்வியை அப்படிக் கேட்டபோது வாதம் அடங்கி, உயிர்ப்பொருள் பட்டியல் 310இல் நின்றது.

அன்றாடப் பயன்பாட்டைப் பற்றி நீண்டு சொல்ல ஒன்றுமில்லை. திரை எளிமையானது, பொருள் பெயர்களைத் தமிழில் உள்ளிட முடிகிறது என்பது எங்கள் ஸ்டோர்ஸ் உதவியாளர்களுக்குப் பெரிய உதவி. தொலைபேசியில் அழைத்தால் அன்றே பதில் கிடைக்கும். வகைப்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் புதுப்பிப்பது அவர்கள் வழக்கம். நூலின் கவுண்ட் (பருமன் அளவு) மாறினால் டிராவலர் எண் மாறும், நேற்று ஏ வகையில் இருந்த எண் அடுத்த மாதம் நகராமல் கிடக்கும் என்பதால், எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தேவைப்பட்டது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள், பேசிக் குறைத்தோம். பழைய இயந்திரமும் புதிய இயந்திரமும் கலந்து ஓடும் ஆலைகள் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், ஆயிரம் வகைக்கு மேல் பொருள் வைத்திருந்து, பதிவேடு பல ஆண்டாக ஒழுங்குபடுத்தப்படாமல் கிடக்கும் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் முதல் கட்டத்துக்காகவே பரிந்துரைப்பேன். இருநூறு முந்நூறு பொருள் உள்ள சிறு கடைக்கும் பட்டறைக்கும் இது தேவையில்லை. ஒரு விரிதாளும் இரண்டு நாள் உழைப்பும் போதும். வாங்குவோர் கையெழுத்திடுமுன் மூன்று விஷயங்களை நேரடியாகக் கேட்க வேண்டும்: சேவை நிலையை வகை வாரியாக அல்லாமல் பொருள் வாரியாக மாற்ற முடியுமா, லீட் டைமின் ஏற்ற இறக்கம் கணக்கில் வருகிறதா, ஆண்டுக்கு ஒன்றிரண்டே நகரும் பொருளுக்கு என்ன முறை பயன்படுகிறது. மூன்றாவது கேள்விக்குச் சராசரி என்று பதில் வந்தால், அரிதாக நகரும் பொருள்களை அந்த மென்பொருளுக்குள் ஏற்றவே வேண்டாம். அவற்றைத் தனிப் பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சந்தாவை இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறோம். உயிர்ப்பொருள் 310க்கும் சேவை நிலையை மென்பொருள் தானாக மாற்றக் கூடாது, மறு ஆர்டர் நிலை ஒன்றுக்குக் கீழே இறங்கக் கூடாது, எங்கள் பதிவேட்டில் உள்ள வரவுத் தேதிகளை மாதந்தோறும் அவர்களே எடுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் மாத அறிக்கை சென்ற வாரம் வந்தது. இன்டேக் வால்வு கிட்டுக்கு நேராகக் கையிருப்பு 3, மறு ஆர்டர் நிலை 2 என்று இருக்கிறது.